மண்ணிழந்த குடியரசு – 7: பிகெராஸ் கோட்டையிலிருந்து மெக்ஸிகோ நகரத்துக்கு

1939 ஜனவரி 26-ஆம் தேதி பார்ஸலோனா நகரம் ஜெனரல் பிராங்கோவின் படைகளுக்கு வசமானதையும், கத்தலோனியாவின் சாலைகளெல்லாம் வடக்கே பிரெஞ்சு எல்லையை நோக்கி நகரும் ஜனசமுத்திரமாக மாறியதையும் சென்ற இதழில் கண்டோம். ஸ்பானியக் குடியரசின் கதையை இந்த இடத்தோடு முடித்துவிடுவதே பெரும்பாலான சரித்திர ஆசிரியர்களின் சம்பிரதாயம். ஆயினும், போரில் தோற்று, மண்ணை இழந்து, சேனையை இழந்து, தலைநகரையும் இழந்த ஓர் அரசு, தன் அரசியல் சட்டத்தை மட்டும் கையிலே பிடித்துக்கொண்டு எல்லைக்கு அப்பால் சென்று, 1977-ஆம் ஆண்டு வரையில், அதாவது முப்பத்தெட்டு ஆண்டுக் காலம், ஸ்பெயினின் நியாயமான அரசு தானே என்று சாதித்து வந்த வரலாறு, வென்றவனின் வரலாற்றைவிடச் சிந்தனைக்கு அதிக இடம் தருவது என்பது நம் அபிப்பிராயம். சட்டம் ஒன்றே அவர்களிடம் எஞ்சியிருந்த ஆஸ்தி. அந்த ஆஸ்தியைப் பற்றித்தான் அவர்கள் தங்களுக்குள் ஓயாமல் வழக்காடினார்கள் என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

எல்லைக்கு அருகேயுள்ள பிகெராஸ் என்னும் ஊரில், பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த ஸான் பெர்னாந்தோ கோட்டை ஒன்று உண்டு. அதன் நிலவறையில், ஒருகாலத்தில் குதிரை லாயமாக இருந்த கூடத்தில், பிப்ரவரி 1-ஆம் தேதி இரவு ஸ்பெயினின் பாராளுமன்றமாகிய கோர்த்தெஸ் கூடிற்று. 1936 பிப்ரவரியில் ஜனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதிகள் 473 பேர்; அன்றிரவு வந்து சேர்ந்தவர்கள் 62 பேர். சபாநாயகர் தியேகோ மார்த்தினேஸ் பார்ரியோ தலைமை வகிக்க, உடலியங்கியல் பேராசிரியராக வாழ்வைத் தொடங்கிப் பிரதம மந்திரியாக உயர்ந்த ஹுவான் நெக்ரீன், அந்நியத் தலையீடு இல்லாத சுதந்திர ஸ்பெயின், ஆட்சி முறையைத் தாமே நிர்ணயித்துக் கொள்ளும் உரிமை ஸ்பானிய மக்களுக்கு, போருக்குப் பின் பழிவாங்கல் இல்லை என்ற உறுதி ஆகிய மூன்றையும் சமாதானத்துக்கு நிபந்தனைகளாக முன்வைத்தார். வெல்லும் தறுவாயில் இருந்த பிராங்கோ இவற்றில் ஒன்றையேனும் ஏற்பான் என்று அந்தச் சபையில் எத்தனை பேர் நம்பினார்களோ! ஆனால் சபை கூடியது, விவாதித்தது, தீர்மானித்தது. அந்தச் சடங்கின் முக்கியத்துவம் பின்னால் விளங்கும். இரண்டு நாள் கழித்து அதே கோட்டையில் வேறோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி, போர்க்காலத்தில் மாட்ரிட்டிலிருந்து ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டு வந்த பிராதோ கலைக்கூடத்து ஓவியங்கள், வெலாஸ்கேஸும் கோயாவும் தீட்டியவை உட்பட, 71 லாரிகளில் எல்லை தாண்டி, ஜினீவாவில் சர்வதேச சங்கத்தின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன. இராஜ்யத்தைக் காக்க முடியாத அரசு இராஜ்யத்தின் சித்திரங்களைக் காத்துக் கொடுத்தது.

பிப்ரவரி 5-ஆம் தேதி விடியற்காலையில் ஜனாதிபதி மனுவேல் அஸான்யா எல்லையைக் கடந்தார். இலக்கியாசிரியராகவும் ஒப்பற்ற பிரசங்கியாகவும் விளங்கியவர் அவர். லா வாஹோல் என்னும் மலைக் கிராமத்திலிருந்து புறப்பட்ட அந்தச் சிறு பரிவாரத்தில், முன்னே சென்ற மார்த்தினேஸ் பார்ரியோவின் கார் பழுதாகிப் பாதையை அடைத்துக் கொள்ளவே, ஒரு குடியரசின் தலைவரும் அவர் மனைவியும் பனி உறைந்த சரிவில் கால்நடையாக இறங்க வேண்டியதாயிற்று. எல்லை வரை வந்து வழியனுப்பிய நெக்ரீன், தம் பங்குக்குச் சில நாள் கழித்துப் பிரான்ஸுக்குள் சென்றவர், அங்கே தங்காமல் விமானமேறி, குடியரசின் கையில் இன்னும் மிஞ்சியிருந்த மத்தியப் பிரதேசத்துக்கே திரும்பிப் போனார். ஜனாதிபதியோ இனித் திரும்புவதில்லை என்று நிச்சயித்துவிட்டார். பின்னால் நேர்ந்த பிளவுகள் எல்லாவற்றுக்கும் வித்து இந்த இரு மனிதரின் இரு முடிவுகளிலே அடங்கியிருக்கிறது.

பிப்ரவரி 27-ஆம் தேதி பிரிட்டனும் பிரான்ஸும் பிராங்கோவின் ஆட்சியை அங்கீகரித்தன. போர் இன்னும் முடியவில்லை. மாட்ரிட் இன்னும் விழவில்லை. ஆனாலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்த ஜனநாயகவாதிகளுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதத்தில் வி. கே. கிருஷ்ண மேனனுடன் பார்ஸலோனா சென்று, குண்டுவீச்சுக்கு நடுவே சில தினங்கள் தங்கித் திரும்பிய ஜவாஹர்லால் நேரு, இந்த இரு அரசாங்கங்களின் 'தலையிடாமை' என்ற கொள்கை எத்தகைய தலையீடு என்பதை எடுத்துரைத்து வந்தது நம் நாட்டு வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அந்நிய அங்கீகாரம் போயிற்று என்ற செய்தி வந்ததுமே அஸான்யா ராஜினாமாக் கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டார்.

1931-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தின்படி, ஜனாதிபதி பதவி காலியானால் சபாநாயகர் அதன் கடமைகளை ஏற்க வேண்டும்; எட்டு நாட்களுக்குள் புதிய ஜனாதிபதியின் தேர்தலுக்கு அழைப்பு விடுக்க வேண்டும். பாரிஸில் ஒரு ஹோட்டலிலோ வாடகை அறையிலோ அமர்ந்திருப்பவர், எந்த ஊரில், யாரைக் கொண்டு தேர்தல் நடத்துவார்? மார்ச் 3-ஆம் தேதி அந்நகரில் கூடிய கோர்த்தெஸின் நிரந்தரக் குழுவின் முன்னிலையில், சமாதானம் பேசி முடிப்பதற்கென்றால் தாயகம் திரும்பச் சித்தமாயிருப்பதாக மார்த்தினேஸ் பார்ரியோ தெரிவித்தார். அதற்கு நெக்ரீனின் சம்மதம் வந்து சேருவதற்குள், மார்ச் 5-ஆம் தேதி இரவு மாட்ரிட்டில் கர்னல் கஸாதோ என்பவர் கலகம் செய்து, பாதுகாப்புக் கவுன்சில் ஒன்றை நிறுவி அதிகாரத்தைக் கைப்பற்றினார். அவர் எடுத்துரைத்த நியாயமும் சட்ட நியாயமே என்பதுதான் விசேஷம்: ஜனாதிபதி ராஜினாமாச் செய்துவிட்டபின் அவர் நியமித்த மந்திரிசபைக்கு ஏது அதிகாரம் என்று அவர் கேட்டார். மறுநாள் நெக்ரீன் விமானத்தில் வெளியேறினார். மாதக் கடைசியில் மாட்ரிட் பிராங்கோ வசமாயிற்று. ஏப்ரல் 1-ஆம் தேதி யுத்தம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. பழிவாங்கல் கூடாது என்ற மூன்றாவது நிபந்தனைக்குப் பதில் ஏற்கெனவே பிப்ரவரி 9-ஆம் தேதியே 'அரசியல் பொறுப்புகள் சட்டம்' என்ற உருவில் வந்திருந்தது. 1934 அக்டோபர் முதல் செய்த காரியங்களுக்கெல்லாம் தண்டனை விதிக்க வல்லது அந்தச் சட்டம்.

அந்தக் குளிர்காலத்தில் எல்லை தாண்டிய ஸ்பானியர் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். ஆர்ஜெலேஸிலும் ஸேன் ஸிப்ரியனிலும் கூரையில்லாத கடற்கரை மணலில், முள்வேலிக்குள், செனகல் தேசத்துச் சிப்பாய்களின் காவலில் அவர்கள் அடைபட்டார்கள். புலம்பெயர்ந்த அரசு என்று நாம் எழுதும்போதெல்லாம் அதன் பிரஜைகள் முதலில் வாழ்ந்த இடம் இந்த மணற்பரப்பு என்பதை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டும். ஏனெனில் இனி நாம் சொல்லப் போகும் தலைவர்களின் சச்சரவுகள், அந்த மணலில் கிடந்தவர்களின் ரொட்டியையும் கப்பல் கட்டணத்தையும் தொட்ட சச்சரவுகள்.

பண விவகாரம் ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. போரின் முடிவு தெரிந்துவிட்டபோது நெக்ரீன், அரசாங்கத்தின் கைவசம் இருந்த நகைகள், பொற்காசுகள் முதலிய பொக்கிஷத்தில் ஒரு பகுதியை 'வீத்தா' என்ற உல்லாசப் படகில் ஏற்றி மெக்ஸிகோவுக்கு அனுப்பினார். அகதிகளின் குடியேற்றத்துக்கு அது மூலதனமாக வேண்டும் என்பது எண்ணம். மார்ச் மாதத்தில் வெராக்ரூஸ் துறைமுகத்தை அடைந்த அந்தப் படகை எதிர்கொண்டு பொருளைப் பெற வேண்டியவர் டாக்டர் ஹோஸே புச்சே. அவர் இன்னும் மெக்ஸிகோ வந்து சேரவில்லை. வேறொரு தூதுக் காரியமாகத் தென் அமெரிக்கா சென்று அப்பொழுது மெக்ஸிகோவில் தங்கியிருந்தவர் இந்தலேஸியோ பிரியேத்தோ. அவரும் ஸோஷலிஸ்டு, நெக்ரீனும் ஸோஷலிஸ்டு. யுத்த மந்திரி பதவியிலிருந்து 1938-இல் நெக்ரீன் தம்மை விலக்கியதைப் பிரியேத்தோ மறந்தவரல்லர். படகின் பொறுப்பாளி அவரை அணுகினார். மெக்ஸிகோ ஜனாதிபதி லாஸரோ கார்தெனாஸின் சம்மதத்தோடு பெட்டிகள் பிரியேத்தோவின் கைக்கு மாறின. ஏற்கெனவே நெக்ரீன் ஆதரவில் பாரிஸில் ஓர் அகதிகள் உதவி ஸ்தாபனம் நடந்துகொண்டிருக்க, ஜூலை மாதக் கடைசியில் பிரியேத்தோவின் ஆதரவில் போட்டியாக இன்னொன்று எழுந்தது. அதே சமயத்தில் கூடிய கோர்த்தெஸின் நிரந்தரக் குழு, நெக்ரீனின் மந்திரிசபை என்பதாக ஒன்று இனி இல்லை என்றும் பெரும்பான்மையால் முடிவு கட்டிற்று. மந்திரிசபையை அமைக்கவோ கலைக்கவோ ஒரு குழுவுக்கு எந்த விதி இடம் தருகிறது என்று நெக்ரீன் திருப்பிக் கேட்டார். வீடு எரிந்த பின்பு சாம்பலில் பாகம் பிரிக்கும் பங்காளிகளைப் போல, சட்டப் பிரிவுகளைக் காட்டி இருவரும் எதிரும் புதிருமாக நின்றார்கள். சட்டப்படி நெக்ரீனின் கட்சியே வலுவானது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் பெட்டியைக் கைப்பற்றியவர் பிரியேத்தோ. 1942 நவம்பரில் மெக்ஸிகோ அரசாங்கம் அந்த நிதியைத் தன் மேற்பார்வைக்குக் கொண்டுவரும் வரையில் அதன் ஆட்சி அவர் பக்கத்தாரிடமே இருந்தது.

இதற்கிடையே 1940 ஜூனில் ஹிட்லரின் படைகள் பிரான்ஸை விழுங்கின. நெக்ரீன் லண்டனுக்குத் தப்பினார். தப்ப முடியாதவர்களின் கதி கொடிது. கத்தலான் அரசின் தலைவர் யூயீஸ் கொம்பானிஸை ஜெர்மானியர் பிடித்து பிராங்கோவிடம் ஒப்படைக்க, அக்டோபர் 15-ஆம் தேதி பார்ஸலோனாவின் மோன்ஜுயிக் கோட்டையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். உள்நாட்டு மந்திரியாக இருந்த ஹுலியான் ஸுகஸகோய்த்தியாவும் அதேபோல் நவம்பரில் மாண்டார். முன்னாள் பிரதமர் லார்கோ கபயேரோ ஸாக்ஸன்ஹவுஸன் வதைமுகாமுக்குப் போனார். ஆயிரக்கணக்கான சாமானியர் மௌத்தவுஸன் கல் குவாரியில் உயிரை விட்டார்கள்.

அஸான்யா அப்போது தென் பிரான்ஸில், மோன்தோபான் நகரில் நோயாளியாகக் கிடந்தார். அவர் மைத்துனரை ஜெர்மானியர் முன்னமே பிடித்துக்கொண்டு போயிருந்தனர். அவரையும் கடத்திச் செல்ல முயற்சிகள் நடந்தன. அந்நிலையில் மெக்ஸிகோவின் தூதர் லூயீஸ் ரொத்ரீகேஸ், ஓத்தேல் து மிதி என்ற விடுதியில் தம் தூதரகத்தின் பெயரால் அறைகள் அமர்த்தி, மாஜி ஜனாதிபதியை மெக்ஸிகோக் கொடியின் நிழலில் தங்க வைத்தார். நவம்பர் 3-ஆம் தேதி அவர் காலமானார். சவப்பெட்டியின் மேல் குடியரசின் மூவர்ணக் கொடியைப் போர்த்தக் கூடாதென்று விஷிப் பிரெஞ்சு அதிகாரி தடுத்தார். பிராங்கோவின் கொடி வேண்டுமானால் ஆகலாம் என்பது அவர் யோசனை. தூதர் ரொத்ரீகேஸ் மெக்ஸிகோ நாட்டுக் கொடியைப் போர்த்தி அடக்கம் செய்வித்தார்.

மெக்ஸிகோவின் இந்த நிலைப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்வது நியாயமாகாது. பிற நாடுகளில் தோன்றும் ஆட்சிகளுக்கு நற்சான்று வழங்குவதில்லை என்பது 1930-இல் அதன் அந்நிய மந்திரி ஹெனாரோ எஸ்த்ராதா வகுத்த கோட்பாடு. ஸ்பெயின் விஷயத்தில் மாத்திரம் அந்த நாடு அக்கோட்பாட்டைச் சற்றே வளைத்து, பிராங்கோவுடன் ஒருநாளும் ராஜீய உறவு கொள்ளாமலே இருந்துவிட்டது. வளைத்தது குற்றமா? ஹிட்லரின் விமானங்களும் முஸோலினியின் சேனையும் சேர்ந்து நிறுவிய ஆட்சியை உள்நாட்டு விவகாரம் என்று சொல்வது எஸ்த்ராதாவின் கோட்பாட்டுக்கே அவமதிப்பு என்பதே கார்தெனாஸின் வாதத்தின் சாரம். அதை மறுப்பது எளிதன்று. 1939 ஜூன் 13-ஆம் தேதி 'ஸினாயா' கப்பலில் வெராக்ரூஸ் வந்திறங்கிய ஏறக்குறைய 1,600 பேரில் தொடங்கி, பல்லாயிரவர் அங்கே புகலிடம் பெற்றனர். பேராசிரியர்களுக்கும் எழுத்தாளர்களுக்குமாக 1938-லேயே ஏற்பட்ட 'ஸ்பெயின் இல்லம்', இரண்டாண்டில் 'மெக்ஸிகோ கல்லூரி' என்று பெயர் மாறி இன்றும் நடைபெற்று வருகிறது.

ஹிட்லரின் தோல்வி நிச்சயமான பிறகுதான் பிரிந்தவர்களுக்கு ஒன்றுகூடும் ஆசை பிறந்தது. 1945 ஜனவரி 10-ஆம் தேதி மெக்ஸிகோ நகரில் கோர்த்தெஸைக் கூட்டினார் மார்த்தினேஸ் பார்ரியோ. வந்தவர் 72 பேர். சட்டம் கேட்கும் எண்ணிக்கை இல்லை என்று பிரியேத்தோ ஆட்சேபம் எழுப்ப, அம்முயற்சி அத்துடன் நின்றது. மாண்டவர், சிறையில் வாடுபவர், பிரான்ஸில் சிக்கியவர் ஆகியோரையும் கணக்கில் வைத்து ஆள் எண்ணச் சொல்லும் இந்தச் சட்டப் பற்றை என்னவென்று சொல்வது! ஜூன் மாதத்தில் ஸான் பிரான்ஸிஸ்கோ மகாநாட்டில் மெக்ஸிகோவின் பிரதிநிதி லூயீஸ் கின்தானியா, அச்சு நாடுகளின் ராணுவ உதவியால் ஏற்பட்ட ஆட்சிகளுக்கு ஐக்கிய நாடுகள் சபையில் இடமில்லை என்ற தீர்மானத்தை நிறைவேற்றி வைத்தார். காலம் கனிந்துவிட்டதென்று எல்லோரும் எண்ணினர்.

ஆகஸ்டு 17-ஆம் தேதி கோர்த்தெஸ் மீண்டும் கூடிற்று. அந்நிய நாட்டு மண்ணில் ஒரு பாராளுமன்றம் சட்டப்படி கூட முடியுமா என்ற ஐயத்துக்கு இடம் வைக்கக் கூடாதென்று, ஜனாதிபதி ஆவிலா கமாச்சோவின் அரசாங்கம், மெக்ஸிகோ நகரத்து நிர்வாக மாளிகையில் நகரசபை கூடும் மண்டபத்தை அந்தப் பொழுதுக்கு ஸ்பெயினின் மண்ணாகவே பாவித்து, தன் அதிகார எல்லைக்குப் புறம்பாக்கிக் கொடுத்தது. ஆறரை ஆண்டுகளுக்கு முன் குதிரை லாயத்தில் 62 பேராக இருந்த சபை, சமுத்திரத்துக்கு அப்பால் 96 பேராகக் கூடி, மார்த்தினேஸ் பார்ரியோவைத் தற்காலிக ஜனாதிபதியாகப் பிரமாணம் செய்வித்தது. பிகெராஸில் அன்று சடங்கு குறையாமல் சபை கூடியிராவிட்டால் இந்தத் தொடர்ச்சிக்குப் பற்றுக்கோடே இருந்திராது. லண்டனிலிருந்து வந்திருந்த நெக்ரீன், தாம் ஒருநாளும் துறவாத பிரதம மந்திரிப் பதவியை முறைப்படி புதிய ஜனாதிபதியிடம் ஒப்படைத்து, மீண்டும் தமக்கே அழைப்பு வருமென்று எதிர்பார்த்தார். அழைப்பு ஹோஸே ஹிராலுக்குப் போயிற்று. ரசாயனப் பேராசிரியரான ஹிரால், 1936 ஜூலையில் கலகம் மூண்ட மறுநாளே பதவியேற்று, தொழிலாளர்களுக்கு ஆயுதம் வழங்க உத்தரவிட்டவர். யாருக்கும் பகைவரல்லர் என்பதே இப்போது அவருடைய யோக்கியதாம்சம். உப பிரதமர் பதவியையும் அந்நிய இலாகாவையும் அவர் நெக்ரீனுக்கு அளிக்க முன்வந்தார், நெக்ரீன் ஏற்கவில்லை. போரை நடத்திய பிரதமர் இல்லாமலே போரின் வாரிசான அரசு அமைந்தது. இது பெரும் பிழை என்பது நம் தீர்ப்பு. ஏனெனில், உலகத் தலைநகரங்களில் முகமும் பெயரும் அறியப்பட்டிருந்த ஒரே குடியரசுவாதி அவர்தான்.

மெக்ஸிகோ அந்த மாதம் 28-ஆம் தேதியே ஹிரால் அரசை அங்கீகரித்தது. குவாத்தமாலா, பனாமா, வெனிஸுவேலா ஆகியவை தொடர்ந்தன. அடுத்த ஆண்டில் போலந்து, யுகோஸ்லாவியா முதலிய கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்ஸும் மட்டுமல்ல, சோவியத் யூனியனும் அந்த வரிசையில் சேரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1946 பிப்ரவரியில் அரசு பாரிஸுக்கு வந்து குடியேறியது. அதே மாதத்தில், பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தின் வீரனான கிறிஸ்தீனோ கார்ஸியாவை பிராங்கோ சுட்டுக்கொல்வித்ததால் கொதித்தெழுந்த பிரான்ஸ், மார்ச் 1-ஆம் தேதி ஸ்பானிய எல்லையை மூடிற்று. மூன்று நாள் கழித்து அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையோ, தேசபக்தியும் தாராள மனமும் படைத்த ஸ்பானியர்கள் சமாதான முறையில் பிராங்கோவை விலக்கி இடைக்கால அரசு ஒன்றை அமைப்பார்கள் என்று நம்பிக்கை தெரிவித்து, தாங்கள் தலையிடப் போவதில்லை என்றும் சொல்லி முடிந்தது. குடியரசு என்ற பெயரை அது உச்சரிக்கவில்லை. பாதுகாப்புச் சபையில் போலந்து கொண்டுவந்த புகாரின் பேரில் அமைந்த உபகுழுவின் முன் ஹிரால் நேரில் சென்று ஆதாரங்களைச் சமர்ப்பித்தார். அக்குழுவின் சிபாரிசு மிதமானது என்று கூறி சோவியத் பிரதிநிதி அதைத் தம் ரத்து அதிகாரத்தால் வீழ்த்தினார். நண்பர்கள் கேட்டது அதிகம், பகைவர்கள் தர இசைந்தது குறைவு. இரண்டுக்கும் நடுவே ஹிரால் வெறுங்கையோடு நின்றார்.

கடைசியில் 1946 டிசம்பர் 12-ஆம் தேதி ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, 34 வாக்கு ஆதரவாகவும் 6 எதிராகவும் விழ, மாட்ரிட்டிலிருந்து தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களுக்குச் சிபாரிசு செய்தது. மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு இது வெற்றி. உள்ளே புகுந்து பார்த்தால், பொருளாதாரத் தடை இல்லை, ஹிரால் அரசுக்கு அங்கீகாரம் இல்லை. குடிமக்களின் சம்மதம் பெற்ற ஓர் அரசு நியாயமான காலத்துக்குள் அமையாவிட்டால் மேலும் யோசிப்பதாக மட்டும் வாக்களித்த தீர்மானம் அது. பிராங்கோ மூன்று நாள் முன்னதாகவே மாட்ரிட் அரண்மனைச் சதுக்கத்தில் மாபெரும் ஜனக்கூட்டத்தைத் திரட்டி, அந்நியத் தலையீட்டை எதிர்க்கும் தேசியத் தலைவனாகக் காட்சியளித்தான். அர்ஜெண்டினா தூதரைத் திரும்ப அழைப்பதற்குப் பதிலாகப் புதிய தூதரை அனுப்பிற்று. பின்னால் அதன் கோதுமையும் சென்றது.

பாரிஸிலிருந்த ஸோஷலிஸ்டுகள், வல்லரசுகள் குடியரசை ஏற்கமாட்டா என்பது தெளிவாகிவிட்ட பின்பு சட்டத் தொடர்ச்சி பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை, வேறு வழி தேட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அவர்கள் ஆதரவை விலக்கிக்கொள்ளவே, 1947-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹிரால் ராஜினாமாச் செய்தார். அவருக்குப் பின் வந்த ரொடோல்போ யோபிஸின் மந்திரிசபை ஆறே மாதம் நிலைத்தது. அதன் வீழ்ச்சியையும், மன்னராட்சிக் கட்சியாருடன் பிரியேத்தோ உடன்படிக்கை செய்துகொண்ட அதே 1948 ஆகஸ்டில் மன்னர் குடும்பத்து வாரிசான தோன் ஹுவான் பிராங்கோவின் படகிலேறி அவனைச் சந்தித்த விநோதத்தையும் அடுத்த இதழில் காண்போம்.